பாட்டுக்கு ஒரு நீதியா?

2015ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தமிழ்நாட்டில் பாட்டு பாடியதற்காக இருவர் மேல் வழக்கு வந்தது. அக்டோபர் 30 அன்று திருச்சியில் மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவன் கைதானார். டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லியும் முதல்வர் ஜெயலலிதாவைக் கிண்டல் செய்தும் பாடினார். அதற்கு 124ஏ, அதாவது தேசத்துரோகம்! டிசம்பரில், வெள்ளத்திலிருந்து சென்னை மீளுமுன்பே, சிம்புவின் 'பீப்' பாடல் இணையத்தில் வந்தது. அந்தரங்கமாகப் பாடியதை யாரோ வெளியிட்டுவிட்டார்கள் என்றார் அவர். மாதர் அமைப்புகள் கொதித்தன. கோவையில் வழக்குப் பதிவானது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே மும்பையில் கோவனுக்காகக் கருத்துரிமை பேசிய நண்பர்களே சிலர், "சிம்புவைப் பிடிச்சு உள்ளே போடணும்" என்றார்கள். கலைஞனின் சுதந்திரம் என்று சிம்புவுக்குப் பரிந்து வந்தவர்களோ கோவன் விஷயத்தில் மூச்சு விடவில்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆட்சியில் இருப்பவரைக் கேலி செய்வது வேறு, காதலுக்கு இணங்காத பெண்ணை ஏசுவது வேறு. பேச்சுரிமைக்கு வரம்பு கட்டும் அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவில் கண்ணியம், ஒழுக்கம் என்பவை உண்டு; முதல்வரின் மனவருத்தம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் சிறைக்குப் போனவர் கோவன்தான். (124ஏ-வை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. 2024இல் வந்த புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு அதன் தம்பி மாதிரிதான் தெரிகிறது.)

பீப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை; பாட்டாகவும் சுமார்தான். அதற்காகப் போலீஸைக் கூப்பிடுவதையும் நான் ஏற்கமாட்டேன். நாளைக்கு அதே போலீஸ் அடுத்த கோவன் வீட்டுக் கதவைத் தட்டும். அதோடு, அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது என்ன? 'ஏமாத்திட்டா, விட்டுட்டுப் போயிட்டா' என்று பெண்ணைத் திட்டும் சரக்கு. இதே சரக்கு தணிக்கைச் சான்றிதழோடு எத்தனை படங்களில் வந்திருக்கிறது! அதற்கு எந்த ஊர்வலமும் போகவில்லை.

தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டுகள்தான் தமிழ்ப் பாடம். பொங்கல் விழாவில் எட்டு வயதுக் குழந்தை இடுப்பை வளைத்து ஆடுகிறது, அப்பா அம்மா கைதட்டுகிறார்கள், அர்த்தம் யாரும் கேட்பதில்லை. அதே மேடையில் கோவன் பாட்டு ஒன்றைப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். "அரசியல் வேண்டாமே சார், குடும்பத்தோட வர்றாங்க" என்பார்கள்.