நன்றிக்கு ஒரு முகவரி வேண்டும்

1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. அமெரிக்கர்களின் நன்றி நவிலும் நாள் அந்த மாதத்தின் கடைசி வியாழனன்று வருவது 1863இல் லிங்கன் விடுத்த அறிவிப்பு முதல் இருந்துவந்த வழக்கம். அந்த ஆண்டு அது 30ஆம் தேதி வந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார். பல மாநிலங்கள் ஏற்க மறுத்தன. 1941இல் ‘நான்காம் வியாழன்’ என்று சட்டம் இயற்றித்தான் குழப்பம் தீர்ந்தது. இன்று அதற்கு மறுநாள் ‘பிளாக் ஃபிரைடே’. நன்றி நாளைக் கொண்டாடாத நம் ஊர் விற்பனைத் தளங்கள்கூட அந்த வெள்ளிக்கிழமைத் தள்ளுபடியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. நன்றியுணர்வு நுகர்வு வேட்கையைத் தானாகவே அடக்கிவிடும் என்ற நம்பிக்கையை இந்த வரலாறு கேள்விக்கு உள்ளாக்குகிறது.

இந்தக் கேள்வி இப்போது நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. தினமும் இரவில் நன்றிக்குரிய மூன்று விஷயங்களை எழுதச் சொல்லும் பழக்கத்தை யோகா வகுப்பும் நிறுவனப் பயிற்சியும் கைப்பேசிச் செயலியும் பரப்புகின்றன. இதற்கு அறிவியல் மதிப்பைத் தந்தவை உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகள். முதல் ஆய்வில் மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரந்தோறும் தாம் நன்றி பாராட்டும் செய்திகளையும், இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றையும், மூன்றாம் பிரிவினர் பொதுவான நிகழ்வுகளையும் எழுதினார்கள். நன்றி எழுதியவர்களுக்கு வாழ்க்கை மேல் நிறைவு கூடியிருந்தது.

இந்தப் பழக்கத்தின் வலிமை எங்கே இருக்கிறது? புதிதாக வாங்கிய பொருள் சில வாரங்களில் பழகிப்போகிறது. மனம் பழைய நிலைக்கே திரும்பி அடுத்ததைத் தேடுகிறது. இதை உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பலும் 1971இலேயே விளக்கினார்கள். விளம்பரத்தின் பிழைப்பே இந்தப் பழகிப்போதலில்தான் இருக்கிறது: கையில் இருப்பதை மறக்கடித்து, இல்லாததைக் கண்முன் நிறுத்துவது. நன்றி எழுதுகிறவர் மறந்துபோனதை வலிந்து நினைவுக்குக் கொண்டுவருகிறார். அந்த அளவில் அது உண்மையான எதிர்ப்பு.

சான்றும் உண்டு. டேவிட் டெஸ்டெனோ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் 85 டாலரை விட்டுக்கொடுக்க இப்போதே எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். இயல்பான மனநிலையில் இருந்தவர்கள் சராசரியாக 55 டாலருக்கே சம்மதித்தார்கள். மகிழ்ச்சியான மனநிலையில் இருந்தவர்களும் அப்படியே. நன்றியுணர்வில் இருந்தவர்களோ 63 டாலர் கேட்டார்கள். பொறுமையைத் தந்தது வெறும் மகிழ்ச்சி அல்ல, நன்றி. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், இரண்டு வாரம் நன்றிக் குறிப்பு எழுதிய வளரிளம் பருவத்தினர், ஆய்வில் பங்கேற்றதற்காகக் கிடைத்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தருமத்துக்குக் கொடுத்தார்கள். எழுதாதவர்கள் கொடுத்தது பாதிக்கும் குறைவு.

ஆனால் இதை மருந்தாக விற்பதை ஏற்க முடியாது. மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றனவா என்று 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கிரெக்கும் சீவன்ஸும், பலன் சிறியதே என்று முடிவு கூறினார்கள். ஆழ்ந்த சோர்வில் இருப்பவரிடம் குறிப்பேட்டைக் கொடுத்து அனுப்புவது, அவருக்குச் செய்ய வேண்டிய உதவியைத் தட்டிக்கழிப்பதாகும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. என் வீடு, என் வேலை, என் உடல்நலம் என்று நீளும் பட்டியலில் உடையவர் இருக்கிறார், கொடுத்தவர் இல்லை. அது நன்றி என்ற பெயரில் நடக்கும் சொத்துக் கணக்கு. உள்ளதை எண்ணி மகிழ்ந்த மனம், ‘எனக்கு இன்னொன்றும் தகும்’ என்று அடுத்ததை வாங்கத் துணிவதற்கு அது தடையாக இருப்பதில்லை. நிறைவையும் ஒரு சரக்காக்கிவிடும் சந்தைக்கு இந்த வகை நன்றி மிகவும் வசதியானது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ‘வேலை இருக்கிறதே, அதற்கு நன்றியோடு இரு’ என்ற அறிவுரை பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் வருகிறது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்தவர்கள் கிடைத்த வேலைக்கு நன்றி சொல்லி அமைதியாக இருந்திருந்தால் அவர்களுக்கு நாற்காலி வந்திருக்காது. கோழிக்கோட்டுப் பெண் தொழிலாளர்கள் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று சட்டம் செய்தது. உட்காரும் உரிமையைக் கேட்டவர்களை நன்றிகெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஆபத்தை நம் மரபு அறிந்திருந்தது. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம், அடுத்ததே நடுவுநிலைமை. உதவி செய்தவரை நினைக்கும்போது நீதி சாயக்கூடும், அப்போதும் சாயக் கூடாது, அதனால்தான் இந்த வரிசை என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். நன்றியை உயர்த்திப் பேசிய கையோடு அதற்கு ஒரு காவலையும் வைத்த வைப்புமுறை இது. வள்ளுவர் பேசும் நன்றி, ஒருவர் செய்த உதவியை நினைப்பது. தன்னிடம் இருக்கும் பொருள்களை எண்ணுவதை அவர் அங்கே பேசவே இல்லை.

ஜப்பானில் யோஷிமோட்டோ இஷின் வகுத்த ‘நைக்கான்’ பயிற்சியும் மனிதரிடமிருந்தே தொடங்குகிறது. ஒருவரை மனத்தில் நிறுத்தி மூன்று கேள்விகள்: இவரிடமிருந்து நான் பெற்றது என்ன? இவருக்கு நான் திருப்பிக் கொடுத்தது என்ன? இவருக்கு நான் கொடுத்த தொல்லை என்ன? இந்த மூன்றாம் கேள்வி நன்றிக் குறிப்பேடுகளில் காணப்படுவதில்லை. நுகர்வுக் காலத்துக்கு மிகவும் தேவையான கேள்வி அதுதான். பத்து நிமிடத்தில் மளிகை வந்ததற்கு மகிழ்கிறவர், அதற்காக வெயிலில் வண்டியை விரட்டியவருக்குத் தன்னால் நேர்ந்த அவசரத்தையும் எண்ணிப் பார்க்க அது வழி செய்கிறது.

ஆகவே இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, திருத்திக்கொள்ள வேண்டும். எழுதும் ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு மனிதரின் பெயர் இருக்கட்டும். அவருக்கு அது சொல்லாகவோ செயலாகவோ போய்ச் சேரட்டும். அவருக்குச் சேர வேண்டிய கூலியும் ஓய்வும் சேர்ந்தனவா என்று விசாரிப்பதும் நன்றியின் பகுதியே. உள்ளத்துக்குள்ளேயே சுற்றும் நன்றி நம்மைக் கொஞ்சம் நல்ல வாடிக்கையாளர்களாக ஆக்கலாம். கொடுத்தவரைத் தேடிப் போகும் நன்றியால்தான் வாங்கும் கையை நிறுத்தி யோசிக்கவைக்க முடியும்.