ஆறுக்கு மேல் ஆறு

பன்னிரண்டு தந்தி கிட்டாரில் ஒரு ஜி கார்டைப் பிடித்து ஒருமுறை மீட்டினால் போதும், அறையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதையே ஆறு தந்தியில் வாசித்தால் பேச்சைத் தொடர்வார்கள். இந்த முதல் மயக்கத்தை நம்பித்தான் பலர் பன்னிரண்டு தந்தியை ஆறு தந்தியின் மேம்பட்ட வடிவம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மினுமினுப்பு வாசிப்பவரின் கைக்குள் அடங்குவதில்லை. வேண்டும்போது கூட்டவோ வேண்டாதபோது குறைக்கவோ வழியில்லாத அலங்காரம் அது.

தந்திகள் ஆறு ஜோடிகளாகக் கட்டப்பட்டிருக்கும். மேல் ஸ்தாயியில் இருக்கும் ஈ, பி ஜோடிகளில் இரண்டு தந்திக்கும் ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளில் தடித்த தந்தியின் பக்கத்தில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி. இரண்டு தந்திகளை அப்பழுக்கில்லாமல் ஒரே சுருதியில் சேர்ப்பது யாராலும் ஆகாத காரியம். ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் மற்றது 441இலும் அதிர்ந்தால் நொடிக்கு ஒருமுறை ஒலி விம்மித் தணியும். ஒரு முழுக் கார்டில் இப்படி ஆறு ஜோடிகள் வெவ்வேறு வேகத்தில் விம்மும்போது பிறப்பதுதான் அந்த மினுமினுப்பு. இரட்டை ரீடு ஆர்மோனியத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தச் செழிப்பு புதிதல்ல. சுருதிப்பிழையின் மேல் எழுந்த அழகு என்றுகூடச் சொல்லலாம். பிழை சற்று மிஞ்சினால் அழகும் போய்விடும்.

இரட்டைத் தந்தி என்றால் இரட்டைச் சத்தம் என்பதும் சரியல்ல. சம பலமுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல்தான். சத்தம் இருமடங்கானதாகக் காது உணர 10 டெசிபல் வரை வேண்டும். கிடைக்கும் அந்தச் சிறிதும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 70 கிலோ என்றால் பன்னிரண்டுக்கு அது 110 கிலோவை ஒட்டிப் போகும். அதைத் தாங்க மேற்பலகையின் அடியில் கட்டைகளைக் கனமாக வைக்கிறார்கள், தந்திகளையும் மெலிதாகப் போடுகிறார்கள். கனத்த பலகையை மெல்லிய தந்தி அசைக்க வேண்டியிருப்பதால், தனித்தனியாகக் கேட்டால் அடிநாதத்தில் ஆறு தந்தியின் திண்மை இருக்காது.

என் முதன்மையான குறை வேறு. மூன்றாவது ஜோடியில் இருக்கும் மெல்லிய ஜி தந்தி 392 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கிட்டாரின் முதல் தந்தியான ஈயோ 330தான். ஆக, கருவியின் உச்சஸ்வரம் நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறது (அதிகம் அறுந்துபோவதும் அந்தத் தந்திதான்). திறந்த தந்திகளில் ஒரு சி கார்டைப் பிடித்துப் பாருங்கள். ஆறு தந்தியில் மேலே நிற்பது ஈ. பாட்டின் மெட்டு அந்த ஈயில் வந்து நின்றால் தெளிவாகக் கேட்கும். பன்னிரண்டில் அதன் தலைக்குமேல் ஒரு ஜி ஏறி நிற்கும். ஏ மைனர் கார்டில் அந்த இடத்துக்கு 440இல் ஒரு ஏ வந்துவிடுகிறது. மெட்டையும் கார்டையும் சேர்த்து வாசிப்பவர் எதை மேலே வைக்க வேண்டும் என்று யோசித்து அமைத்ததைக் கருவி குலைத்துப்போடுகிறது. வெறுமனே தாளம்போட்டுப் பாட்டுக்குத் துணைபோனால் இது தெரியாது. தனியாக வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

தனி ஸ்வரத்தை வளைப்பதும் சிரமம். ஜோடியை இழுக்கும்போது தடித்த தந்தியும் மெல்லிய தந்தியும் ஒரே அளவு சுருதி ஏறுவதில்லை. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் நான்கு ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாறியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு தந்தி என்றிருந்தால்தான் கமகம் விரலின் பேச்சைக் கேட்கும்.

இத்தனைக்குப் பிறகும் பன்னிரண்டு தந்தியை நான் தள்ளிவிடாததற்குக் காரணம் லெட் பெல்லி. அவருடைய ஸ்டெல்லா கிட்டாரை வழக்கமான சுருதியைவிட வெகுவாகத் தாழ்த்தி, கனமான தந்திகளோடு வாசித்தார். அப்படித் தாழ்த்தியபோது இழுவிசை குறைந்தது, அடிநாதம் பியானோவைப் போலக் கனத்தது, மெல்லிய தந்திகளும் கீச்சிடாமல் மணிபோல ஒலித்தன. லியோ கோட்கேயும் 1969இல் வந்த தன் இசைத்தட்டில் ஆறு, பன்னிரண்டு இரண்டையும் வாசித்தவர். பன்னிரண்டைத் தாழ்ந்த சுருதியில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். கட்டைவிரல் கீழ்நோக்கி மீட்டும்போது மெல்லிய தந்தி முதலில் படும், விரல்கள் மேல்நோக்கி மீட்டும்போது தடித்தது முதலில் படும். இந்தச் சங்கடத்தையே தாளத்தின் ஒரு பகுதியாக மாற்றிக்கொள்ள அபாரமான கை வேண்டும், அது அவருக்கு இருந்தது. கடையில் வாங்கியதை வழக்கமான சுருதியில் ஏற்றிவைத்து முழங்கும் ஒலியை மட்டும் கேட்டுவிட்டுப் பன்னிரண்டு தந்தியை எடைபோடுவது அதற்கும் நியாயமில்லை.

இரண்டையும் அருகருகே கேட்க விரும்புகிறவர்களுக்கு பிங்க் ஃபிளாய்டின் 1975ஆம் ஆண்டுப் பாட்டான 'விஷ் யூ வேர் ஹியர்' போதும். முதலில் வானொலியில் தொலைவிலிருந்து வருவதுபோலப் பன்னிரண்டு தந்தி. அதன்மேல், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல ஆறு தந்தியின் தனி வாசிப்பு. இரண்டையும் வாசித்தவர் டேவிட் கில்மர்தான். பின்னணியை விரிக்க ஒன்றையும் பேசுவதற்கு இன்னொன்றையும் அவர் எடுத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்னொரு வழியும் உண்டு. பன்னிரண்டு தந்தித் தொகுப்பிலுள்ள மெல்லிய தந்திகளை மட்டும் ஓர் ஆறு தந்தி கிட்டாரில் பூட்டி, சாதாரண கிட்டாரோடு சேர்த்துத் தனித்தடத்தில் பதிவார்கள். நாஷ்வில் டியூனிங் என்று அதற்குப் பெயர். மினுமினுப்பு மிகுந்துபோனால் அந்தத் தடத்தை மட்டும் குறைக்கலாம், மெட்டு வரும் இடத்தில் அடியோடு நிறுத்தியும் விடலாம். மேடையில் ஒற்றை ஆளாக நிற்பவருக்கு அந்த வசதி இல்லை. பதிவுக்கு என்றால் நான் இந்த இரண்டு கிட்டார் வழியைத்தான் கேட்பேன்.