தப்பாகச் சொன்ன பாட்டு

ஆங்கிலேயர் தங்கள் விடுதிப் பள்ளிகளைப் பற்றி எழுதிய கதைகளுக்கும் நாடகங்களுக்கும் கணக்கில்லை. பிரம்படி, கிரிக்கெட், பெரிய வகுப்புப் பையன்களின் அதிகாரம், வெளியே சொல்லக்கூடாத சிநேகம் ஆகிய நான்கும் அவற்றில் தவறாமல் வந்துவிடும். அந்த வரிசையில் நல்ல படைப்பு என்று 1981-ல் மேடையேறிய ஜூலியன் மிட்சலின் 'அனதர் கன்ட்ரி' நாடகத்தைச் சொல்லலாம். பிரிட்டனின் ரகசியங்களை ரஷ்யாவுக்குக் கொடுத்துவிட்டு 1951-ல் மாஸ்கோவுக்கு ஓடிப்போன கை பர்ஜெஸின் பள்ளி நாட்களை மனத்தில் வைத்துக்கொண்டு, கற்பனையாகப் புனைந்தது. கதாநாயகனான பென்னட் இன்னொரு பையனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். விஷயம் வெளிப்பட்டதும், மாணவத் தலைவர்களின் உயர்ந்த வட்டத்தில் அவனுக்குக் கிடைக்கவேண்டிய இடம் போய்விடுகிறது. அவன் பிற்காலத்தில் செய்யப்போகும் துரோகத்துக்கு விதை அங்கே விழுந்தது என்கிறார் ஆசிரியர்.

வசனம் அருமை. ஆனால் பென்னட் இழப்பது என்ன? பிறப்பினால் கையில் வந்து விழ இருந்த ஒரு பதவி. அந்த ஏமாற்றத்துக்காகப் பரிதாபப்பட முடிகிறது, வயிறு கலங்கவில்லை.

வயிறு கலங்கியது இதே பள்ளிக்கூடம் கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்த கதையைப் படித்தபோதுதான். ஷியாம் செல்வதுரை 1994-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ஃபன்னி பாய்', ஆறு கதைகள் சேர்ந்து ஒரு நாவலாகிற புத்தகம். 1965-ல் கொழும்பில் பிறந்த ஆசிரியர், தமிழ்த் தகப்பனாருக்கும் சிங்களத் தாயாருக்கும் மகன். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். நான் பேச வந்தது ஐந்தாவது கதையை.

அர்ஜி என்ற தமிழ்ப் பையனின் போக்கு அவன் தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. பெண் குழந்தைகளோடு கல்யாண விளையாட்டு விளையாடி, தானே மணப்பெண்ணாகச் சேலை சுற்றிக்கொண்டவன் அவன். விக்டோரியா அகாதமியில் சேர்த்தால் ஆண்பிள்ளையாகிவிடுவான் என்று நினைக்கிறார் தகப்பனார். எங்கள் கேளம்பாக்கத்துப் பக்கம், உப்பளமும் காயலும் இருந்த சாலையில், இன்று விடுதியோடு கூடிய ஆங்கிலப் பள்ளிகள் எழும்பியிருக்கின்றன. அவற்றில் பையனைச் சேர்க்கப் போகும் தகப்பன்மாரிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் இதே காரணத்தைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள். அர்ஜியின் பள்ளி விடுதிப் பள்ளி அல்ல. பையன்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மற்றபடி அச்சு அசல் இங்கிலாந்துச் சரக்கு.

பிரின்சிபால் அபேசிங்கவுக்குப் பையன்கள் வைத்த பெயர் 'பிளாக் டை'. ஹென்றி நியூபோல்ட்டின் இரண்டு பாட்டுகளைப் பரிசளிப்பு விழாவில் ஒப்பிக்கச் சொல்லி அர்ஜியைப் பிடித்துக்கொள்கிறார் அவர். நியூபோல்ட் 1862-ல் பிறந்தவர். கிளிப்டன் என்ற விடுதிப் பள்ளியில் படித்தவர். கிரிக்கெட் மைதானத்தில் கற்ற பாடத்தைப் பாலைவனப் போர்க்களத்துக்குக் கொண்டு போகிறது ஒரு பாட்டு. பள்ளியின் பெருமையைப் பாடுகிறது மற்றொன்று. ஆங்கிலேயன் கப்பலேறி முப்பத்தைந்து வருஷமான பிறகு, ஒரு தமிழ்ப் பையன் இதை மனப்பாடம் செய்யவேண்டும், தடுமாறினால் தண்டனை. இதைக் கேலிக்கூத்தாக்க எவ்வளவோ இடமிருந்தும் ஆசிரியர் ஆக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஷெஹான் என்ற சிங்களப் பையன் மீது அர்ஜிக்குக் காதல். அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் பொருந்தாது. பிளாக் டைக்கோ ஷெஹானைக் கண்டால் ஆகாது. அவனை இழுத்துப்போய்த் தலைமயிரை வெட்டிவிடுகிறார், ஓயாமல் வதைக்கிறார். அர்ஜி பழிவாங்கத் தீர்மானிக்கிறான். மந்திரி வந்து உட்கார்ந்திருக்கும் சபையில் இரண்டு பாட்டையும் வேண்டுமென்றே தாறுமாறாக உளறிக் கொட்டுகிறான். அந்தப் பாட்டுகளை நம்பித் தயாரித்த பிரின்சிபாலின் பிரசங்கமும் அதோடு குட்டிச்சுவராகிறது.

இவ்வளவுதான் என்றால் பள்ளிக்கூடத்துக் குறும்பு என்று மூடி வைத்துவிடலாம். ஆனால் பிளாக் டை விழுந்தால் அவர் இடத்துக்கு வர உதவிப் பிரின்சிபால் லொக்குபண்டார காத்திருக்கிறார். பள்ளியைப் பௌத்தப் பள்ளியாக்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். தமிழ்ப் பையன்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே தாழ்வாரம் இந்தப் பிரம்பு பிடித்த கிழவர்தான். அதைச் சுந்தரலிங்கம் என்ற தமிழ் ஆசிரியர் அர்ஜிக்கு எடுத்துச் சொல்லியும் விடுகிறார். ஆக, அர்ஜி தெரிந்தேதான் செய்கிறான். சொந்த ஜனங்களுக்குக் குடை பிடிப்பவரின் கையை ஒரு சிங்களப் பையனுக்காகத் தட்டிவிடுகிறான். பென்னட்டுக்குப் போனது ஒரு பதவி. அர்ஜி பணயம் வைப்பது மற்றவர்களின் பாதுகாப்பை. அவன் செய்தது சரிதானா என்று மூன்று நாள் யோசித்தேன். இன்னும் தீர்மானமாகவில்லை.

நம் வாசகர்களில் சிலர் இந்தக் காதல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி என்பார்கள். அவன் கொண்டுவந்தது சட்டத்தை. 1860-ல் இங்கே ஒரு தண்டனைச் சட்டம், 1883-ல் இலங்கைக்கு ஒன்று. தன் ஊரில் 1967-ல் அவன் தளர்த்திக்கொண்டான். நாம் 377-ஆம் பிரிவைக் கட்டிக்கொண்டு 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம்.

குறைகளும் உண்டு. ஷெஹான் போதுமான அளவு உருவாகவில்லை. அவன் துணிச்சல் தெரிகிறது. ஆனால் அர்ஜி பார்க்காதபோது அவன் எப்படி இருப்பான் என்று ஊகிக்க முடியவில்லை. காதலிக்கப்படுகிறவனைக் காதலிக்கிறவன் கண் வழியாகவே காட்டும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதைவிட டிக்கி என்ற அண்ணன்காரன் நாலு வாக்கியத்தில் உயிரோடு நிற்கிறான். தம்பியை ஜாடையாக எச்சரிக்கிறான், சந்தேகப்படுகிறான், காட்டிக்கொடுப்பானோ மாட்டானோ என்று நம்மையும் தவிக்க விடுகிறான். வீட்டுக் கராஜில் ஷெஹானோடு இருந்துவிட்டு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவை அர்ஜி பார்க்கும் இடத்தைப் போல் ஒன்றை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

பெரிய குறை கட்டுக்கோப்பில். ஆறாவது கதை நாட்குறிப்பாக வருகிறது. 1983 ஜூலை: வீடு எரிகிறது, தாத்தாவும் பாட்டியும் காரோடு கொளுத்தப்படுகிறார்கள், குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. ஷெஹான் சிங்களவன், தான் அப்படியில்லை என்பது அர்ஜிக்கு முதன்முதலாக உறைப்பது அப்போதுதான். 'இது சிங்கள வகுப்பு, நீ தமிழ் வகுப்புக்குப் போ' என்று சல்காடோ என்ற பையன் சேர்ந்த புதிதிலேயே விரட்டியும், அது இவ்வளவு தாமதமாகத்தான் உறைக்கிறது. வாழ்க்கையில் அப்படி நடக்கும். கதையில் அந்த எண்ணம் மேடையில் நிற்கும்போதே ஒரு கணமாவது வந்து, வந்த பிறகும் அவன் அந்தப் பாட்டைத் தப்பாகச் சொல்லியிருக்கவேண்டும்.