சோம்பல் என்னும் நோய்நிர்ணயம்

பதுளை, பசறை, அப்புத்தளை மலைகளிற் காடழித்துத் தோட்டம் அமைத்த தொழிலாளரைத் துரைமார் நெடுங்காலம் 'சோம்பேறிகள்' என்றே கணித்தனர். இக்கணிப்பு பெரட்டுக்களத்தோடு நின்றுவிடவில்லை. மருந்துச்சாலைக்குச் சென்றவரும் வேலைக்கள்ளரென ஐயுறப்பட்டனர்.

1916இல் றொக்பெல்லர் நிதியத்தின் ஆதரவுடன் இலங்கைத் தோட்டங்களில் ஆரம்பமான கொக்கிப்புழு ஒழிப்பியக்கம் வேறொன்றைக் காட்டிற்று. புழு குடலிற் குருதியை உறிஞ்ச, இரத்தச்சோகை உண்டாகிறது. சோகையுற்ற உடல் சோர்கிறது. சோம்பல் எனப்பட்டதில் ஒரு பகுதியேனும் நோயின் குறியே. ஆயினும் பழைய முத்திரை அழியவில்லை. 'அசுத்தப் பழக்கமுடையோர்' எனப் பெயர் மாத்திரம் மாறிற்று. மருந்துண்டவர் மலசலகூடமற்ற லயத்துக்கே திரும்பினர், புழுவும் திரும்பிற்று.

ஐயத்துக்கிடமான வேளையில் மனம் குறுக்குவழியை நாடும் என்பதை ட்வெர்ஸ்கி, கானமன் என்னும் உளவியலாளர் 1974இல் விளக்கினர். நோயாளர் வரிசை நீளுகையில் வைத்தியரும் அவ்வழியையே நாடுவர். அது குற்றமன்று, முதற்கணிப்பை மீளச் சோதியாமையே குற்றம். களைப்பென்று வந்து நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கண்டு 'தோட்டத்தவர் இப்படித்தான்' என முடித்துவிடுவது எளிது. அவள் குருதியைச் சோதித்தறிவது கடினமுமன்று. முன்னதை விடுத்துப் பின்னதைச் செய்வதே வைத்தியம்.