எஸ்ரா கலெக்டிவ்: திருட முடியாத மகிழ்ச்சி

லண்டனைச் சேர்ந்த ஐவர் ஜாஸ் குழுவான எஸ்ரா கலெக்டிவின் முதல் முழுநீள இசைத்தொகுப்பு ‘யூ கான்ட் ஸ்டீல் மை ஜாய்’. 2019 ஏப்ரலில் வெளியானது. ‘என் மகிழ்ச்சியை உன்னால் திருட முடியாது’ என்ற தலைப்பே தொகுப்பின் கருப்பொருள். பெரும்பகுதி சொற்களில்லாத வாத்திய இசை. அது இந்தக் கருப்பொருளை எப்படித் தாங்குகிறது என்பதே இதைக் கேட்பவர் முன் உள்ள கேள்வி.

பின்னணி

ஃபெமி கொலியோசோ (டிரம்ஸ்), அவர் தம்பி டி.ஜே. கொலியோசோ (பேஸ் கிதார்), ஜோ ஆர்மன்-ஜோன்ஸ் (கீபோர்டு), டிலன் ஜோன்ஸ் (டிரம்பெட்), ஜேம்ஸ் மாலிசன் (சாக்ஸபோன்) ஆகியோர் இத்தொகுப்பின்போது குழுவினராக இருந்தனர். கேரி கிராஸ்பியும் ஜனின் ஐரன்ஸும் 1991-ல் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ் அமைப்பு இளைஞர்களுக்குக் கட்டணமின்றி ஜாஸ் கற்பிக்கிறது. இக்குழு அங்கிருந்து உருவானது.

இசை

தொகுப்பு சன் ராவின் ‘ஸ்பேஸ் இஸ் தி பிளேஸ்’ இசையோடு தொடங்குகிறது. ‘ரெட் வைன்’ ரெகே நடையிலும், ‘சாவோ பாலோ’ லத்தீன் தாளத்திலும் அமைந்தவை. நடைகள் மாறினாலும் சகோதரர்களின் டிரம்ஸும் பேஸும் அடித்தளமாக நிற்கின்றன. தனி வாசிப்பு எவ்வளவு தூரம் சென்றாலும் அந்தத் தாளத்துக்கே திரும்புகிறது. இங்கே மகிழ்ச்சி ஒருவருடைய உணர்வு அல்ல, ஐவரும் சேர்ந்து காப்பது.

கொகோரோகோ குழுவுடன் வாசித்த ‘ஷகாரா’ இதன் உச்சம். ஃபெலா குட்டியின் 1972-ஆம் ஆண்டுப் படைப்பு அது, வெற்று வீறாப்பை எள்ளுவது. நைஜீரிய ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பாடிய ஃபெலாவின் இல்லத்தை 1977-ல் படையினர் தாக்கினர். அவருடைய ஆஃப்ரோபீட்டில் ஆட்டமும் எதிர்ப்பும் பிரியாதவை. அந்த மரபை எடுத்து வாசிக்கும்போது தலைப்புக்கு வரலாற்றுக் கனம் கிடைக்கிறது.

குறைகள்

திருட முடியாது என்றால் திருட வருபவர் ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய நிழல் இசையில் அரிதாகவே விழுகிறது. அதனால் சில இடங்களில் மகிழ்ச்சி வெறும் கொண்டாட்டமாகச் சுருங்குகிறது. ஜோர்ஜா ஸ்மித், லாய்ல் கார்னர் ஆகியோரின் பாடல்கள் தனித்தனியே இனியவை. ஆனால் அவற்றில் குழு பக்கவாத்தியமாக ஒதுங்கிவிடுகிறது.

மதிப்பீடு

இக்குறைகளோடும் இது துணிவான முதல் முயற்சி. அடுத்த தொகுப்பான ‘வேர் ஐ'ம் மென்ட் டு பி’க்காக 2023-ல் மெர்க்குரி பரிசு பெற்ற முதல் ஜாஸ் குழு இவர்கள். அந்தப் பயணம் எங்கே தொடங்கியது என்பதை அறிய விரும்புவோர் முதலில் ‘ஷகாரா’வைக் கேட்கலாம்.