நந்தன் சென்ற பின் ஆதனூர்

நடந்ததை ஆராய்வது வரலாற்றாசிரியர் கடன். நடவாததை எண்ணிப் பார்ப்பது புலவர் உரிமை. அமெரிக்க நாட்டில் அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் 1860, 1861ஆம் ஆண்டுகளில் பிரிந்தன. மாறாக, அம்முறையை வெறுத்து வட மாநிலங்களே பிரிந்திருந்தால்?

இது வெறுங்கற்பனையன்று. அடிமைகளை உடையாரோடு கூட்டு வேண்டா என்று முழங்கிய வில்லியம் லாயிட் காரிசன், 1854 ஜூலை 4ஆம் நாள் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் படியொன்றைப் பொதுமேடையில் எரித்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸோ பிரிவினையை ஏற்கவில்லை. நாம் கறைபடாமல் வெளியேறிவிட்டால், உள்ளே கட்டுண்டு கிடப்பாரை மீட்பவர் யார் என்பது அவர் கவலை.

அக்கவலையோடு நம் நந்தனார் கதையை அணுகுவோம். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாருக்கு ஆண்டை இல்லை. குலத்தடையே அவரைத் தில்லைக்குப் போகவொட்டாமல் தடுத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தையொட்டி அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியர் என்னும் ஆண்டை புகுகிறார். நந்தன் பண்ணையாள் ஆகிறான். கோயில் வாயிலில் நிற்குமுன் ஆண்டையின் வாயிலில் விடை கேட்டு நிற்கிறான். பாரதியாரின் பெருமை இம்மாற்றத்தில் உள்ளது. ஆயினும் நாற்பது வேலி நிலத்துப் பயிரும் இறையருளால் ஓரிரவில் விளைந்துவிட, நந்தன் விடைபெறுகிறான். கடமை தீர்ந்தது, அடிமை முறை தீரவில்லை. கதையும் தில்லையில் நிறைவுறுகிறது. மறுநாள் ஆதனூர் வயலில் இறங்கியவர் யாவர்? கீர்த்தனை அதனைச் சொல்லவில்லை.

பின்வந்தோர் இருவர் இக்கதையைத் திருப்பிப் பார்த்தனர். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் தீ, இறைவன் திருவருளன்று; மேற்குலத்தார் சூழ்ச்சி. அவர் முடிவை மாற்றினார். புதுமைப்பித்தனோ ‘புதிய நந்தன்’ சிறுகதையில் ஆதனூருக்கே திரும்பிச் சென்றார். காந்தியடிகள் வரும் நாளில், சேரிக் கிழவனையும் அவன் மகனையும் ஆண்டை வீட்டு மகனையும் ஒரே ரயில் பலிகொள்கிறது. சீர்திருத்தம் பேசியோரும் பிழைக்கவில்லை. கசப்பான முடிவுதான். எனினும் நின்றுவிட்ட ஊரை நினைத்த வகையில் புதுமைப்பித்தனையே நாம் மேலாக மதிக்கிறோம்.

இம்மதிப்பீடு நமக்கும் உரியது. வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்கு நடந்தோர், ஆண்டையின் களத்தை விட்டுக் கூலியும் கல்வியும் கண்டனர். அவ்வெளியேற்றத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. சுரங்கம் 2001இல் மூடப்பட்டபோதும் அவர் பெற்ற தன்மதிப்பு மூடப்படவில்லை. ஆனால் உத்தியோகம் பெற்றுப் பெங்களூரில் குடியேறிய நம்மில் பலர் எதை விட்டு வந்தோம்? திருவிழாவுக்கு விடுப்பெடுத்து ஊர் செல்கிறோம். கோயிலுக்கு நன்கொடை அளிக்கிறோம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை கண்டால், ‘நாம் இங்கே இருப்பவரல்லவே’ என்று பேருந்து ஏறிவிடுகிறோம்.

காரிசனின் தூய்மையேனும் அரசியல் சட்டத்தை எரிக்கத் துணிந்தது. நம் தூய்மைக்கு அத்துணிவும் இல்லை. அடுத்த திருவிழாவில் அக்குவளையைச் சுட்டி ஒரு சொல் கேட்டுவிட்டு, அதன்பின் நந்தனார் கீர்த்தனையை நம் சங்க மேடையில் பாடுவோமாக.