எண்ணும் மனிதனும்

காளிதாசனின் சாகுந்தலத்தில் அரசவைமுன் வந்து நிற்பவள் சகுந்தலையே. ஆயினும் கணையாழி தொலைந்துபோனமையால் அவள் யாரென மன்னன் அறிகிலன். ஆளினும் அடையாளமே பெரிதாகிவிடும் அவலத்தை அக்காட்சி உணர்த்துகின்றது. இவ்வவலமே அறிவியற் புனைகதையில் எண்ணாகவும் அட்டையாகவும் உருமாறி வருகின்றது.

உருசிய எழுத்தாளர் சம்யாத்தின் 1920-21இல் எழுதிய 'நாம்' என்னும் நாவல் இவ்வகைக்கு வழிகாட்டி எனலாம். அந்நாவல் காட்டும் வருங்கால அரசில் மக்களுக்குப் பெயரில்லை. எண் பொறித்த பொன்வில்லையை மார்பில் அணிந்து, கண்ணாடிச் சுவர்களுக்குள்ளே அவர்கள் வாழ்கின்றனர். விண்கலம் சமைக்கும் கதைத்தலைவனும் டி-503 என்றே வழங்கப்படுகின்றான். அரசு மனிதனை முற்றாக அறிந்துகொள்வதே பெருங்கேடு என்பது ஆசிரியர் துணிபு.

இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த 1924ஆம் ஆண்டிலேயே புகைவண்டிப் பாதை பதுளையை எட்டியது. ஆசிரியர் வருங்காலத்துக்கெனக் கற்பித்த வில்லை, ஊவாத் தோட்டங்களிலே பழஞ்செய்தியாக இருந்தது. தமிழகத்தில் ஆட்கட்டப்பட்டவர்கள், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டைக் கயிற்றிற் கோத்து அணிந்தே கடல் கடந்தனர். பொன்னுக்குப் பதில் தகரம்; வேறுபாடு அவ்வளவே.

எனினும் ஊவாவின் வரலாறு, நாவல் காணாத வேறோர் உண்மையையும் காட்டுகின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றஞ் சென்றார். அடுத்த ஆண்டிலே எழுந்த குடியுரிமைச் சட்டமோ, இலங்கையிற் பிறந்தவனிடமும், அவன் தந்தையேனும் அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்து தேயிலைக் காட்டிலே மறைந்த பாட்டனுக்குப் பத்திரம் ஏது? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு விண்ணப்பம் செய்யப்பட்டும், உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. 1972இல் வந்த தேசிய அடையாள அட்டையும் குடியுரிமை பெற்றோர்க்கே உரியதாயிற்று.

தோட்டத்தார் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்றே சொல்வர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. செக்றோலில் நாள்தோறும் பேர் விழுந்தது. நாட்டின் ஏட்டில் அப்பேர் விழவில்லை.

ஆதலின் சம்யாத்தினின் துணிபு பாதி உண்மையே. அரசு மனிதனை அளவுகடந்து அறிவதும் கொடுமை. அறிய மறுப்பதும் கொடுமை. முன்னதில் மனிதன் வெறும் எண்ணாகின்றான். பின்னதில் அவன் எண்ணாகவும் ஆகான். நாவலின் மாந்தர்க்கு எண் சிறை. நாடற்றவனுக்கோ அதுவே திறவுகோல். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டும் அறிவியற் புனைகதையே முழுமை பெற்றதாகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தொலைந்த கணையாழியை மீட்டளித்தது. ஆயினும் கணையாழி வருமுன்னரே சகுந்தலை சகுந்தலைதான். ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவைமுன் நின்றோர்க்கும் அஃது ஒக்கும்.